மூன்றே முக்கால் டாலர்க் கிதார்

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது நம் முதுமொழி. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது அதற்குத் துணை நிற்கும் மற்றொரு மொழி. இசைக்கருவியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லி வாதத்தை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கருவி எதுவாயினும் ஆகுக, கைதான் முக்கியம் என்பது இவற்றின் கருத்து. கேட்பதற்கு இனிய கருத்துத்தான். ஆயினும் அது முழு உண்மையா என்று ஆராய்ந்து பார்க்கும் கடமை விமர்சனத்திற்கு உண்டு.

மலிவான பழைய கிதார்களில் அழகிய இசையை எழுப்பியவர்களைப் பற்றி எழுதப்படும் புகழுரைகளில் ஒரு குறையைக் காண்கிறோம். கலைஞருக்குச் சேரவேண்டிய பெருமை ஒன்று அவருடைய கருவிக்குப் போய்விடுகிறது. அல்லது அவருடைய வறுமைக்குப் போய்விடுகிறது. உழைத்துக் கற்றவர் வெறுங்கையோடு நிற்கிறார். இக்கணக்கைச் சற்று நேர்செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி எலிசபெத் காட்டன் அம்மையாரும், 1958-ஆம் ஆண்டில் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டும் ஆகும்.

மலிவு யாருடைய கணக்கில்?

வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் நகரை ஒட்டி, இன்று கார்பரோ என வழங்கும் ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் பிறந்தவர் அம்மையார். வீட்டிற்கு அருகே இருப்புப்பாதை. அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவருடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகினார் அச்சிறுமி. அண்ணன் ஊரைவிட்டுப் போனபோது பாஞ்சோவும் உடன் போயிற்று. சொந்தமாக ஒரு கருவி வேண்டுமானால் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலையில், பதின்மூன்று வயதுகூட நிரம்பாத அக்குழந்தை வீட்டு வேலைக்குப் போனாள். கூலி மாதத்திற்கு முக்கால் டாலர். அக்கூலியைச் சேர்த்து ஸ்டெல்லா என்னும் பெயருடைய கிதார் ஒன்றை வாங்கினாள். அதன் விலை மூன்றே முக்கால் டாலர்.

இவ்விரண்டு தொகைகளையும் தனித்தனியே குறிப்பிடாத வரலாறு இல்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்ப்பவர்தாம் குறைவு. முக்கால் டாலர் வீதம் ஐந்து மாதக் கூலி, ஒரு காசு மிச்சமின்றி, அந்த 'மலிவான' கிதாருக்குச் சரியாகிவிடுகிறது. ஐந்து மாத உழைப்பைக் கொடுத்து வாங்கிய பொருள் எவ்வாறு மலிவானதாகும்? கடைக்காரனின் பட்டியலில் அது மலிவு. செல்வர் வீட்டு வரவேற்பறையில் அது மலிவு. அடுப்படியில் நின்று கை காய்த்துப்போன குழந்தைக்கு அது ஓர் ஆண்டின் பாதி.

எனவே 'மலிவான கருவியில் மகத்தான இசை' என்று எழுதும்போது, அச்சொல் வாங்கியவரின் அளவுகோல் அன்று, வெளியில் நின்று பார்ப்பவரின் அளவுகோல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மலிவானதை அலட்சியமாக வாசிப்பார்கள். அம்மையார் அவ்வாறு வாசிக்கவில்லை. பெருவிலை கொடுத்தவர் எப்படி வாசிப்பாரோ அப்படியே வாசித்தார்.

அந்தக் கருவியின் இயல்பு

இனி அக்கருவியைப் பார்ப்போம். ஸ்டெல்லா கிதார்களைச் செய்தது நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில் இருந்த ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனம். உயர்ந்த சாதி மரங்களுக்குப் பதிலாக, எளிதில் கிடைக்கும் பிர்ச் மரத்தையே பெரிதும் பயன்படுத்தினார்கள். அதன்மீது வேறொரு மரத்தின் ரேகைகளைச் சாயத்தால் வரைந்து அழகு காட்டியதும் உண்டு. 1939-இல் அப்பெயர் சிக்காகோவின் ஹார்மனி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1892-இல் தொடங்கப்பட்ட ஹார்மனி, அஞ்சல் வழி வணிகத்தில் பெயர்பெற்ற சியர்ஸ் நிறுவனத்தால் 1916-இல் வாங்கப்பட்டுப் பல ஆண்டுகள் அதன் உடைமையாக இருந்தது. விலைப்பட்டியலைப் பார்த்துப் பணம் அனுப்பினால் கிதார் வீடு தேடி வரும். கடைத்தெருவில் இகழ்ச்சியோடு நடத்தப்பட்ட கறுப்பின மக்களுக்கு இந்த அஞ்சல் வணிகம் ஒரு வாயிலாக அமைந்தது.

கிதாரின் ஒலியைத் தீர்மானிப்பதில் முதலிடம் மேற்பலகைக்கே உண்டு. அப்பலகை மெல்லியது, கம்பிகளின் இழுவையைத் தாங்க உட்புறத்தில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டப்படும். மார்ட்டின் போன்ற உயர்ந்த நிறுவனங்கள் அச்சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டுமாறு அமைத்தன. விலை குறைந்த கிதார்களிலோ ஏணிப்படிகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒட்டிவிடுவார்கள். வேலையும் குறைவு, கூலியும் குறைவு.

இந்த ஏணிச் சட்டத்தால் ஒலிக்கு ஒரு தனி இயல்பு வருகிறது. மீட்டியவுடன் ஒலி சட்டென்று எழும், விரைவில் அடங்கிவிடும். நீண்டு நிற்கும் கார்வை அதில் இல்லை. கீழ்ச்சுருதியின் ஆழமும் குறைவு; நடுச்சுருதி மட்டும் உலர்ந்த தெளிவோடு ஒலிக்கும். பழுதுகளும் உண்டு. கழுத்தினுள் இரும்புக் கம்பி இல்லாததால் நாளடைவில் அது வளையும். கம்பிகள் மெட்டுகளைவிட்டு உயர்ந்து, அழுத்தும் விரல் நோகும். கழுத்தில் மேலே போகப் போகச் சுருதி பிசகும்.

இவற்றையெல்லாம் குறைகள் என்றே சொல்ல வேண்டும். 'பழைய மலிவுக் கிதாருக்கு ஓர் ஆன்மா உண்டு' என்று எழுதுவோர் இக்குறைகளை மறைத்துவிடுகின்றனர். மரத்திற்கு ஆன்மா இல்லை. சுருதி பிசகிய மெட்டில் எவர் விரலை வைத்தாலும் சுருதி பிசகத்தான் செய்யும். அங்கே வல்லவனும் ஒன்றுதான், மாட்டாதவனும் ஒன்றுதான். ஆயின் வல்லவர் அம்மெட்டில் விரலை வைக்கமாட்டார். அந்த வேறுபாட்டிலேதான் நாம் தேடும் கலை இருக்கிறது.

குறையைக் கண்டு அமைத்த இசை

அம்மையார் இடக்கை வழக்கமுடையவர். கடையில் கிடைத்தவையோ வலக்கைக்காரருக்கான கிதார்கள். கற்றுக்கொடுக்கவும் ஆள் இல்லை. கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிதாரையே திருப்பிப் பிடித்துக்கொண்டார். அதனால் எல்லாம் தலைகீழாயிற்று. வழக்கமாகத் தடித்த கம்பிகள் மேலே இருக்கும். அவற்றைக் கட்டைவிரல் மீட்டும். மெல்லிய கம்பிகளில் மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். அம்மையாருக்கோ மெல்லிய கம்பிகள் மேலே வந்துவிட்டன. அவர் ஆள்காட்டி விரலால் கீழ்ச்சுருதிக் கம்பிகளைத் தட்டினார். கட்டைவிரலால் மெட்டை வாசித்தார்.

இசைத்தட்டைக் கவனமாகக் கேட்போருக்கு இதன் பயன் விளங்கும். கட்டைவிரல் கனமானது; ஆள்காட்டி விரல் இலேசானது. அக்கனம் மெல்லிய கம்பிகளுக்குப் போய், மெட்டு உருண்டு திரண்டு முன்னே வந்து நிற்கிறது. இலேசான விரல் தட்டும் கீழ்க்கம்பிகளோ, நடைக்குத் துணையாக அடியெடுத்து வைக்கின்றனவே தவிர, மெட்டை மூடுவதில்லை. மேற்கத்திய நாடுகளில் இம்முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த முறை வளர்ந்த இடம் அந்த ஸ்டெல்லா கிதார். கார்வை நீண்டு நிற்காத கருவியில் நீண்ட ஸ்வரங்களை நம்பி இசை அமைத்தால் அது பாதியில் அறுந்துவிடும். அம்மையாரின் இசையில் அத்தகைய இடமே இல்லை. ஒரு ஸ்வரம் அடங்குமுன் மற்றொன்று எழுகிறது. கீழ்க்கம்பிகள் மாறி மாறி ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. விரைவில் அடங்கிவிடும் இயல்பு இங்கே உதவியாகவும் ஆகிவிடுகிறது. ஏனெனில் முன்னைய ஒலி பின்னைய ஒலியின்மேல் படிந்து குழம்புவதில்லை. அவர் கைகள் பெரும்பாலும் முதல் சில மெட்டுகளுக்குள்ளேயே நிற்கின்றன. சுருதி பிசகும் மேல்மெட்டுகளைத் தேடி அவை ஓடுவதில்லை. 'வில்சன் ராக்' என்னும் சிறிய வாத்திய இசையைக் கேட்டால் இவை அத்தனையும் ஒருசேரப் புலப்படும். குறையை அறிந்து, அக்குறைக்குள் எது முடியுமோ அதை முழுமையாகச் செய்திருக்கிறார்.

இதே அறிவை வேறொரு விதத்தில் காட்டியவர் லெட்பெல்லி என்று அழைக்கப்பட்ட ஹடி லெட்பெட்டர். லூயிசியானாவின் அங்கோலா சிறையில் 1933-இல் லோமாக்ஸ் தந்தையும் மகனும் அவருடைய பாடல்களைப் பதிவு செய்தார்கள். அவர் கைக்கருவி பன்னிரண்டு கம்பிகள் கொண்ட ஸ்டெல்லா. பன்னிரண்டு கம்பிகளை வழக்கமான சுருதிக்கு முறுக்கினால் இலேசான கிதார் பெரும் இழுவையைத் தாங்க வேண்டிவரும். லெட்பெல்லியோ வழக்கத்தைவிட வெகுவாகத் தாழ்ந்த சுருதியில் அதை வைத்துக்கொண்டார். கருவியின் சுமையும் குறைந்தது. அவருடைய கம்பீரமான குரலுக்கு ஏற்ற, மணியோசை போன்ற ஒரு கனத்த நாதமும் கிடைத்தது.

செவாஸ்டபோலும் அந்தலூசியாவும்

இவ்விசைத்தட்டில் 'வாஸ்டபோல்' என்றொரு வாசிப்பும், 'ஸ்பானிஷ் ஃபிளாங் டாங்' என்றொரு வாசிப்பும் இருக்கின்றன. விந்தையான இப்பெயர்களுக்குப் பின்னால் ஒரு நெடும் பயணம் இருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கிதார் ஆசிரியராக இருந்த ஹென்றி வொரல் என்பவர் 1860 அளவில் 'செவாஸ்டபோல்', 'ஸ்பானிஷ் ஃபண்டாங்கோ' என்ற இரு இசைத்துண்டுகளை அச்சிட்டு வெளியிட்டார். முன்னது, துருக்கிய உதுமானியப் பேரரசும் பங்குகொண்ட கிரிமியப் போரில் முற்றுகைக்குள்ளான துறைமுகத்தின் பெயர். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வரவேற்பறையில் வாசிப்பதற்கென அச்சான இத்துண்டுகள் கைமாறிக் கைமாறி, இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாத கறுப்பின உழைப்பாளிகளிடம் வந்து சேர்ந்தன. பெயர்கள் சிதைந்தன; இசை சிதையவில்லை, புதிதாயிற்று.

இவ்விரண்டிலும் கம்பிகளின் சுருதியே வேறு. எந்த மெட்டையும் அழுத்தாமல் மீட்டினாலே இணக்கமான ஸ்வரக் கூட்டம் ஒலிக்குமாறு கம்பிகளை மாற்றிச் சுருதி கூட்டிக்கொள்வார்கள். அழுத்தினால் விரல் நோகும் கிதாருக்கு அழுத்தாமலே ஒலிக்கும் கம்பிகள் எத்தகைய வரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'ஸ்பானிஷ்' என்ற சொல்லும் நம்மை ஓரிடத்திற்கு அழைத்துச் செல்கிறது. கிதார் என்னும் பெயர் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து பிறந்து, அரபியில் 'கீதாரா' ஆகி, முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூசியாவின் வழியாக ஸ்பானிய மொழிக்குள் புகுந்தது என்பர் சொல்லாய்வாளர். அந்த அந்தலூசிய மண்ணின் அல்மேரியாவைச் சேர்ந்தவர் அந்தோனியோ தெ டோரஸ். இன்றைய கிதாரின் வடிவத்தை நிலைநாட்டிய அவர், 1862-இல் ஒரு கிதாரின் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து காட்டினார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தார். ஒலி பிறப்பது மேற்பலகையில்தான் என்பதை மெய்ப்பிக்க அவர் நடத்திய சோதனை அது. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

டோரஸின் அட்டைக் கிதார் நம் விவாதத்திற்குப் பெருந்துணை. சிக்கனம் எங்கே செய்யலாம், எங்கே செய்யலாகாது என்பதை அது பிரித்துக் காட்டுகிறது. அலங்காரத்தில் குறைக்கலாம், மரத்தின் சாதியிலும் குறைக்கலாம். மேற்பலகையிலும், மெட்டுகளின் இடைவெளியிலும், குதிரையின் நிலையிலும் கைவைத்தால் இசையே குறைந்துபோகும். 'எந்தக் கருவியானாலும் சரி' என்பவரும், 'விலை உயர்ந்தது வந்தால்தான் தொடுவேன்' என்பவரும் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

வறுமையைப் புகழ்வது

மிகக் கவலைக்குரிய பகுதிக்கு வருகிறோம். அம்மையாரின் புகழ்பெற்ற பாடல் 'ஃபிரெய்ட் டிரெயின்'. வீட்டருகே ஓடிய சரக்கு வண்டியின் ஓசையைக் கேட்டுச் சிறுவயதிலேயே அவர் கட்டிய பாடல் அது. அதன்பின் இளம் வயதில் திருமணம், குழந்தை, வீட்டு வேலை. தேவாலயத்தாரும் உலகியல் பாடல்களை விட்டுவிடச் சொன்னார்கள். கிதார் கையைவிட்டுப் போயிற்று. பல பத்தாண்டுகள் கழிந்தன. வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, வழிதவறிய சிறுமி ஒருத்தியைத் தாயிடம் சேர்ப்பித்தார். அச்சிறுமி பெக்கி சீகர்; தாய் இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்டு சீகர். அவ்வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த அம்மையார், அங்கே இருந்த கிதாரை ஒருநாள் எடுத்து வாசிக்கும்போதுதான் அவர் யார் என்பது அக்குடும்பத்தாருக்குத் தெரிந்தது. மகன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்தார். இசைத்தட்டு வெளிவந்தபோது அம்மையாருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது.

இதற்கிடையில் பெக்கி சீகரின் வாய்வழியே அப்பாடல் இங்கிலாந்து சென்றது. அங்கே அப்போது 'ஸ்கிஃபிள்' என்னும் இசை பரவியிருந்தது. துணி தேய்க்கும் பலகை, தேயிலைப் பெட்டி, மலிவான கிதார் ஆகியவற்றைக் கொண்டு இளைஞர்கள் பாடிய இசை அது. லெட்பெல்லி பாடிப் பரப்பிய 'ராக் ஐலண்ட் லைன்' பாடலை லானி டானகன் பாடி 1956-இல் அங்கே பெருவெற்றி பெற்றிருந்தார். 1957-இல் 'ஃபிரெய்ட் டிரெயின்' பாடலும் அவ்வாறே வெற்றிபெற்றது. ஆனால் ஆக்கியோர் என்று பதிவானவை இங்கிலாந்தைச் சேர்ந்த இருவரின் பெயர்கள். பாடலைக் கட்டியவர் வாஷிங்டனில் பிறர் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். சீகர் குடும்பத்தாரின் முயற்சிக்குப் பிறகே ஆக்கியோர் வரிசையில் அவர் பெயருக்கும் இடம் கிடைத்தது.

இதை ஏன் இசை விமர்சனத்தில் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மலிவுக் கருவியையும் எளிமையையும் அளவுக்குமீறிப் புகழ்வதற்கும் இப்பறிப்பிற்கும் தொடர்பு உண்டு என்று நாம் கருதுவதால் எழுதுகிறோம். 'இது எளிய மக்களின் இசை, தானாக முளைத்த இசை' என்று புகழ்ந்துவிட்டால், தானாக முளைத்ததற்கு உரியவர் எவரும் இல்லை என்று ஆகிவிடுகிறது. உரியவர் இல்லாததை எவரும் எடுத்துக்கொள்ளலாமே! அது தானாக முளைக்கவில்லை. ஐந்து மாதக் கூலியைக் கொடுத்து, கற்றுத் தர எவருமின்றி, தலைகீழாகப் பிடித்த கருவியில் ஒரு குழந்தை சிந்தித்துச் செய்தது.

வறுமை கலையை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928-இல் ஓகே நிறுவனத்திற்காகப் பாடினார், விற்பனை குறைவு, பொருளாதார வீழ்ச்சி வந்தது, அவலான் என்னும் தம் சிற்றூரில் விவசாய வேலைக்குத் திரும்பினார். 1963-இல் ரசிகர் ஒருவர் தேடிச் சென்று கண்டபோது, அந்த மேதையிடம் சொந்தமாக ஒரு கிதார்கூட இல்லை. மூன்றாண்டுகள் மட்டுமே மேடையில் பாடி 1966-இல் மறைந்தார். இடையில் கழிந்த முப்பத்தைந்து ஆண்டுகளின் இசையை எந்த வறுமை நமக்குத் தந்தது? அது எடுத்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அம்மையாரின் கைக்கு மார்ட்டின் நிறுவனத்தின் நல்ல கிதார் வந்தது. அவர் அதை மகிழ்ச்சியோடு வாசித்தார். 'ஸ்டெல்லாவில்தான் என் ஆன்மா இருக்கிறது' என்று அதை ஒதுக்கிவிடவில்லை. பழைய கருவி கற்பித்த அளவும் அடக்கமும் புதிய கருவியிலும் அப்படியே ஒலித்தன. 1984-இல் அமெரிக்க அரசின் கலைநிதியம் தேசிய மரபுரிமை விருதை வழங்கியது. 1985-இல் கிராமி விருதும் வந்தது. 1987-இல் அவர் மறைந்தார்.

முடிவாக

நாம் தொடங்கிய முதுமொழிகளுக்குத் திரும்புவோம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதந்தான். ஆனால் அது புல் என்பதை அறிந்தவனே வல்லவன். வாளென்று நினைத்து அதை வீசுபவன் தோற்பான். கூடம் கோணலாக இருப்பதும் உண்டு. ஆடத் தெரிந்தவள் கோணலைக் கண்டு, அதற்கேற்ப அடி வைக்கிறாள். கூடமே நேராக இருந்ததாக நாம் எழுதினால் அவள் திறமையை மறைத்தவர் ஆவோம்; கோணல்தான் அவளை ஆட வைத்தது என்று எழுதினால் அதனினும் பெரிய தவறு செய்தவர் ஆவோம்.

நம் இல்லங்களில் ஒரு பிள்ளை ஏதேனும் ஒரு கலையிலோ தொழிலிலோ ஆர்வம் காட்டும்போது இரண்டு குரல்கள் எழும். 'கற்றுத் தேறட்டும், பிறகு நல்ல கருவி வாங்கலாம்' என்பது ஒன்று. 'நல்ல கருவி இல்லாமல் எப்படிக் கற்பது' என்பது மற்றொன்று. டோரஸின் அட்டைக் கிதாரும் அம்மையாரின் ஸ்டெல்லாவும் இவ்விரண்டுக்கும் விடை சொல்கின்றன. பளபளப்பு வேண்டாம், பெயர் வேண்டாம், சுருதி நிற்கட்டும், விரல் நோகாதிருக்கட்டும். அவ்வளவை நாம் பிள்ளைக்குத் தரக் கடமைப்பட்டிருக்கிறோம். எஞ்சியதைப் பிள்ளையின் கை பார்த்துக்கொள்ளும். அந்தக் கை ஒருநாள் அழகாக ஒன்றைச் செய்துவிட்டால், அதன் பெயரைப் பிறழாமல் சொல்வது நம் பொறுப்பு.